கனமாக எதையும் தூக்கக் கூடாது

1

இந்தக் கதை ஒரு திரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிடந்தபோது என் காதில் விழுந்தது. பின்னால் யாராவது கண்டுபிடித்துக் கேட்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மேல்.

என் கழுத்து போய்விட்டிருந்தது. கட்டிலில் சாய்ந்து, மடியில் கணினியை வைத்து, தலையைக் கொக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வருடக்கணக்காக எழுதியதன் பலன். யாராவது கூப்பிட்டால் முழு ஆளும் திரும்ப வேண்டும். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரையெல்லாம் சும்மா. பிசியோகிட்ட போங்க" என்றார்.

கீழே மருந்துக்கடை, மேலே நீளமான ஒரே அறை. அதைப் பச்சைத் திரைகளால் தடுத்துக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். திரை கண்ணை மறைக்கும். காதை என்ன செய்யும்?

அடுத்த திரைக்குள் தோள் வலியோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அழகுநிலையத்தில் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் பார்லர் அக்கா. அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. எட்டிப் பார்க்கத்தான் கழுத்து இல்லையே. குரலும், திரைக்கு அடியில் தெரிந்த ஒரு ஜோடிச் செருப்பும்தான் எனக்குத் தெரிந்த அவள். மற்றதெல்லாம் நான் வைத்துக் கட்டியது. எது கேட்டது, எது கட்டியது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"மனித உடலில் அதிகமாக அசையக்கூடிய மூட்டு தோள்பட்டைதான். அதனாலேயே அது மிக எளிதில் —"

வேண்டாம். பாடப்புத்தகம்.

"அவள் கையைக் கூப்பிட்டாள். கை வரவில்லை."

இதை எழுதிவிட்டு ஒரு மாலை முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் பிசியோ என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியபோது அந்த வரி நினைவுக்கு வந்தது. வலிக்கிறவர் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கே விட்டுவைக்கிறேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

3

பார்லர் அக்காவின் வேலை கையை உயர்த்தியபடியே செய்கிற வேலை. ஒரு கையில் டிரையர், மறு கையில் உருளைச் சீப்பு, முழங்கை இரண்டும் அந்தரத்தில். வந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அவள் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பாள்.

வலது தோளில் முதலில் ஒரு முணுமுணுப்பு மாதிரிதான் வந்தது. தைலம் தேய்த்தாள். பிறகு அலமாரியின் மேல்தட்டு எட்டாமல் போனது. சட்டையைத் தலைவழியாகக் கழற்ற முடியவில்லை. தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டால் விருட்டென்று எழுந்து உட்கார வைத்தது. ஊரார் தலைக்கெல்லாம் அலங்காரம் செய்கிறவள், தன் தலையை இடது கையால் ஒப்புக்கு வாரி முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

பிசியோ ஒரு வாயாடி. சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே கையை முறுக்கிவிடுவாள்.

"தூக்குங்கக்கா. இன்னும். இன்னும் கொஞ்சம். காதத் தொடணும்."

"ஐயோ மேடம், இதுக்கு மேல போனா உசுரு போயிடும்."

"போகாது. போனா நான் பொறுப்பு. வீட்ல வெயிட்டு ஏதாச்சும் தூக்குறீங்களா?"

"இல்லையே."

"தண்ணிக் கேன்? சிலிண்டர்? ஈரத் துணி வாளி?"

"எதுவும் இல்ல மேடம். தண்ணிக் கேன்கூட கடைக்காரரே உள்ள கொண்டாந்து வெச்சுடுறாரு."

அது பொய் இல்லை. அவள் தூக்குகிற ஒன்று பிசியோ கேட்ட பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

"அப்புறம் ஏன் சரியாக மாட்டேங்குது? நான் சொன்னதெல்லாம் செய்றீங்களா இல்ல எனக்குப் பூ சுத்துறீங்களா?"

சொன்னதெல்லாம் என்றால்: சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறுவது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. வெந்நீர் ஒத்தடம். வலிக்கிற பக்கம் படுக்காமல் இருப்பது. வேலைக்கு நடுவே உட்காருவது, நன்றாகத் தூங்குவது, கவலையைக் குறைப்பது.

(கடைசி இரண்டையும் எனக்கும் சொன்னாள். கூடவே "மேசையில உக்காந்து எழுதுங்க சார்" என்றாள். சரி என்றேன். இதைக் கட்டிலில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாததற்குப் பின்னால் பெரும்பாலும் சோம்பல் இருக்கிறது. சில நேரம் வேறு ஏதோ இருக்கிறது. இந்தக் கதை அந்த வேறு ஏதோவைப் பற்றியது.)

4

இந்தப் பகுதி முழுக்கக் கேட்டது. ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

ஒருநாள் ஒத்தடப் பையை எடுத்த பிசியோ சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அவள் வாய் ஓய்ந்தது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்ற மாதிரி இருந்தது.

"அக்கா, இது என்ன?"

"எது?"

"தோளுக்குப் பின்னாடி. கன்னிப்போயிருக்கு. அஞ்சு விரலும் பதிஞ்ச மாதிரி." அவள் குரல் தாழ்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். "வீட்டுக்காரர் கைய நீட்டுவாரா? என்கிட்ட சொல்லுங்க. நான் யார்கிட்டயும் போக மாட்டேன். நீங்க சொன்னா மட்டும்தான் போவேன்."

பார்லர் அக்கா சிரித்தாள். "அவரா? அவரா மேடம்?" என்று மறுபடி சிரித்தாள். கட்டில் கிறீச்சிட்டது. அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்து எனக்குப் பிடிபடவில்லை.

"தூக்குறப்ப பிடிச்சுக்குறாரு மேடம். அவருக்கு ஒரு கைதான் வேலை செய்யுது. விழுந்துடுவோமோன்னு பயம். அதான் இறுக்கிப் பிடிப்பாரு."

"யாரத் தூக்குறீங்க?"

"அவரத்தான். பக்கவாதம் வந்து கெடக்காரு. இடது பக்கம் முழுசா போயிடுச்சு. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு, நாற்காலிலேர்ந்து பாத்ரூமுக்கு. யாரு தூக்குவா?"

"வெயிட்டு தூக்குறீங்களா, வெயிட்டு தூக்குறீங்களான்னு நான் தலையா அடிச்சுக்கிட்டேனே அக்கா!"

பார்லர் அக்கா உண்மையாகவே சந்தேகம் கேட்கிறவள் போலக் கேட்டாள்:

"அவரு வெயிட்டா மேடம்?"

5

(அவருடைய தொழில் பற்றி ஒரு குறிப்பு. அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்தவர். அவளே சொன்னதுதான் இதுவும். ஊர்ப்பட்ட பேரை மேலே தூக்கிவிட்டவரை இப்போது பெண்டாட்டி தூக்குகிறாள் என்றால், எழுத்தாளன் வேண்டுமென்றே வைத்தான் என்பார்கள். அதனால் முதல் வரைவில் அவரைத் தச்சராக்கினேன். தச்சரானதும் அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டிலின் உயரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். மறுபடி லிஃப்ட்காரராகவே விட்டுவிட்டேன். வாழ்க்கைக்கு இந்த மாதிரி விஷயங்களில் கூச்சமே கிடையாது.)

(இன்னொன்று. அவளை "அவள்" என்றும் அவரை "அவர்" என்றும் எழுதுகிறேன். கதை அவள் பக்கம் நின்று நடக்கிறது. அவள் அவரை அப்படித்தான் சொல்வாள்.)

6

பிசியோ அவர்கள் வீட்டுக்குப் போனது உண்மை. அங்கே நடந்ததைப் பார்லர் அக்கா பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். துண்டுகளை ஒட்டியது நான்.

தரைத்தளத்தில் ஒரு வீடு. முன்னறையிலேயே ஜன்னலோரமாகக் கட்டில். குளியலறைக் கதவு ஒடுக்கம்; வாசலில் ஒரு படி. சக்கர நாற்காலி அந்தப் படியோடு நின்றுவிடும். அதற்கு அப்புறம் ஆள்தான் தூக்க வேண்டும்.

பிசியோ வழுவழுப்பான ஒரு பலகையும் அகலமான ஓர் இடுப்புப் பட்டையும் கொண்டுவந்திருந்தாள். பலகையின் ஒரு நுனியைக் கட்டிலிலும் மறுநுனியை நாற்காலியிலும் வைத்தாள். "தூக்காதீங்க. நகத்துங்க. முழங்காலை மடக்குங்க, முதுகை மடக்காதீங்க. சார், நீங்க முன்னாடி சாயுங்க. அவ்வளவுதான்!" லிஃப்ட்காரர் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வழுக்கிக்கொண்டு போனார். பார்லர் அக்கா குழந்தை மாதிரிக் கைதட்டினாள். தட்டியதும் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பிசியோ குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இங்க பலக வேலைக்காகாது. இங்க மட்டும் வேற ஆள வெச்சுக்கோங்க அக்கா. தோள்ல தசைநாரு பாதி கிழிஞ்சிருக்கு. இன்னும் இப்படியே தூக்குனா மீதியும் போயிடும். அப்புறம் நீங்க டிரையரையும் பிடிக்க முடியாது, அவரையும் பிடிக்க முடியாது."

இதை அவள் பார்லர் அக்காவிடம்தான் சொன்னாள். ஆனால் பக்கவாதம் லிஃப்ட்காரரின் காதைத் தொட்டிருக்கவில்லை.

பிசியோ போன பிறகு அவர் கேட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு கொழகொழவென்று வரும். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் புரியும்.

"டிரையர் பிடிச்சு வந்த வலின்னல்ல சொன்ன?"

"அதுவும்தான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? நீங்க எந்திரிச்சு நடந்துடுவீங்களா?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியூரில் கைக்குழந்தையோடு இருந்த மகள் போனிலேயே ஓர் ஆளை ஏற்பாடு செய்து அனுப்பினாள். நல்ல ஆள். பொறுமைசாலி. ஆனால் அந்த ஆளின் கை பட்டதும் லிஃப்ட்காரர் உடம்பைக் கட்டையாக்கிக்கொண்டார். பார்லர் அக்கா வேலையிலிருந்து திரும்பும்வரை சிறுநீரை அடக்கி வைத்துக்கொண்டு கிடந்தார். அடக்க முடியாமல் படுக்கையிலேயே போய்விட்ட நாளில் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். அந்த ஆள் துணியை மாற்ற வந்தபோது நல்ல கையால் தள்ளிவிட்டார். பார்லர் அக்கா அந்த ஆளைக் கும்பிட்டு அனுப்பிவைத்தாள்.

பழையபடி அவளே தூக்கினாள்.

7

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. கை மேலே போக ஆரம்பித்தது.

முதலில் தோள் உயரம். பிறகு கன்னம். சுவரில் விரல்கள் ஏறி நின்ற இடத்தில் பிசியோ பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. ஒருநாள் காதைத் தொட்டுவிட்டது. பிசியோ போட்ட கூச்சலில் எல்லாத் திரைகளும் ஆடின.

"பாத்தீங்களா! ஒழுங்கா பயிற்சி செஞ்சா உடம்பு பேச்சக் கேக்கும்! சார், கேக்குதா? உங்களுக்கும் சேத்துதான்!"

"கேக்குது மேடம்" என்றேன் திரைக்குள்ளிருந்து.

பார்லர் அக்காவின் குரலே மாறியிருந்தது. "இப்பல்லாம் அவர தூக்குறதுகூட அவ்வளவு சிரமமா இல்ல மேடம். அவரு இடுப்பு பெல்ட்டப் பிடிச்சு ஒரு மூச்சுல தூக்கிடுறேன். நீங்க சொல்லிக்கொடுத்த முறைதான்."

இந்தக் கதையை இங்கே நிறுத்தியிருந்தால் கீழே மருந்துக்கடை வாசலில் துண்டுத்தாளாக அடித்து இலவசமாகக் கொடுக்கலாம். நோயாளி மனம்தளராமல் பயிற்சி செய்தாள், பழக்கங்களைத் திருத்திக்கொண்டாள், வலி —

நானும் நிறுத்தப் பார்த்தேன். மூன்றாம் வரைவு வரைக்கும் இங்கேதான் முடிந்தது. என்னைவிடப் பிடிவாதமாக அவள் மறுபடி அந்தத் திரைக்குள் வந்து படுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

8

அவருக்கு முடி வளர்ந்திருந்தது. எப்போதும் அவள்தான் வெட்டிவிடுவாள். அன்று விடுமுறை. பலகையில் நகர்த்தி நாற்காலியில் உட்கார வைத்து, பார்லரிலிருந்து கொண்டுவந்திருந்த கறுப்புத் துணியை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். துணியின் பட்டியில் ஒட்டிக்கொள்ளும் பிடி ஒன்று இருக்கும். அவருக்கு எப்போதும் அது பட்டியின் தொடக்கத்திலேயே ஒட்டும், தடித்த கழுத்து. அன்றைக்கு இழுத்தாள், இழுத்தாள், பட்டி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் போய் ஒட்டியது. குழந்தைகளுக்கு அங்கேதான் ஒட்டுவாள்.

அவள் துணியை எடுத்துவிட்டு அவர் கழுத்தைப் பார்த்தாள். சட்டைக் காலரைத் தள்ளிவிட்டுத் தோளைப் பார்த்தாள். தினமும் தொட்டுத் தூக்குகிற உடம்பு. இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கியதால் உடம்பைப் பிடித்துப் பார்க்கவே இல்லை. எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"என்னங்க இது?"

"என்ன?"

"இப்படி எளைச்சுப் போயிருக்கீங்க?"

"வயசாகுதுல்ல."

"மத்தியானம் டப்பால வெச்சுட்டுப் போறதச் சாப்பிடுறீங்கல்ல? டப்பா காலியாத்தான இருக்கு?"

அவருடைய கண் ஒரு நொடி ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கீழே சுவரோரம் ஒரு தெருநாய் படுத்திருந்தது. அவள் தலை தெரிந்ததும் எழுந்து வாலை ஆட்டியது. பளபளவென்று, வயிறு நிறைந்த நாய்.

அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். ராத்திரி "மத்தியானம் அதிகமா சாப்பிட்டேன், போதும்" என்று அவர் தட்டைத் தள்ளிவைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தூக்குவது ஏன் லேசாகிக்கொண்டே போனது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

"யாரக் கேட்டு இப்படிப் பண்ணீங்க?"

"உன் கை இப்ப எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டார் அவர்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"காது வரைக்கும் போகுதுன்னு சொன்னியே. சந்தோஷமா சொன்ன. நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு." அவர் மூச்சு வாங்கினார். "அப்புறம் என்ன? விடு. முடிய வெட்டு."

அவள் முடியை வெட்டவில்லை. கத்தரிக்கோலை விட்டெறிந்தாள். கத்தினாள், எதைக் கத்தினாள் என்று பிசியோவிடம் அவள் சொல்லவில்லை, நானும் கற்பனை செய்யப்போவதில்லை. அன்றைக்கு அவர்கள் இருவருமே சாப்பிடவில்லை.

9

திரைக்கு அந்தப் பக்கம் அவள் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கை சரியானது நீங்க சொன்ன பயிற்சியாலயா, அவரு சாப்பிடாததாலயா?"

பிசியோ குரலைத் தாழ்த்தி, "ரெண்டாலயும் இருக்கலாம்கா" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். நானாக இருந்தால் பயிற்சியால் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.

செருப்பு எழுந்து போனது. அதன்பின் அந்தத் திரைக்குள் வேறு யாரோ முழங்கால் வலியோடு வந்தார்கள். நானும் ஒரு பதினைந்து நாள் பார்த்துவிட்டுப் பிசியோவிடம் விசாரித்தேன்.

"போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறாங்க சார். பயிற்சிய நிறுத்திட்டாங்கன்னு நெனைக்கிறேன்." என் கழுத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன. "நான் அவரு முன்னாடி அத சொல்லியிருக்கக் கூடாது."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று இருந்தது. கழுத்து திரும்பவில்லை.

10

முடிவுக்காக எழுதிப் பார்த்தவை:

அ. மகள் கைக்குழந்தையோடு வந்து சேர்கிறாள். குளியலறைப் படியை இடித்துச் சமமாக்குகிறார்கள், கதவை அகலமாக்குகிறார்கள். லிஃப்ட்காரர் பேரக்குழந்தை முகத்தைப் பார்த்தபடி — இல்லை. குழந்தையைக் காட்டி அவரைச் சாப்பிட வைப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. தவிரவும் அது வாடகை வீடு.

ஆ. அவர் இறந்துபோகிறார். அவள் தோள் முழுசாகக் குணமாகிறது. காதைத் தாண்டி, தலைக்கு மேல் நேராகக் கை போகிறது. இதை எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது. அழித்துவிட்டேன்.

இ. தோள் முழுசாகப் போய்விடுகிறது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில், ஆளுக்கு ஒரு நல்ல கையோடு —

ஈ. பிசியோ சொன்ன எல்லாவற்றையும் இருவரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். நம்புகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் முயன்றேன், ஒரு வரிக்கு மேல் நகரவில்லை.

இவற்றையெல்லாம் தள்ளிவிட்ட பிறகு என்னிடம் மிஞ்சியது ஒரே காட்சி. இதை நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சாயங்காலம். அவள் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவிக்கொண்டு, தட்டில் சாப்பாட்டைக் குழைத்து எடுத்துவருகிறாள். முதுகுக்குத் தலையணை கொடுத்து அவரைச் சாய்த்து உட்கார வைக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருகிறாள். அவர் நல்ல கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிறார்.

"சாப்பிடுங்க."

"பசிக்கல."

அவள் கரண்டியில் அள்ளுகிறாள். வலது கையை, முழங்கையை எங்கேயும் ஊன்றாமல், அவர் வாய் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறாள்.

"எதுக்கு அந்தக் கையால தூக்குற? இறக்கு."

"நீங்க வாயத் தொறந்தா இறக்குறேன்."

"வலிக்கும்."

"வலிக்கட்டும்."

"சாப்பிட்டா மறுபடி கனப்பேன். உன் தோள் போயிடும்மா."

"தெரியும்."

அவர் அவளைப் பார்க்கிறார். அவள் கரண்டியைப் பார்க்கிறாள். தோளில் அந்தப் பழைய இடத்தில் வலி எழுந்து, கழுத்துக்கு ஏறி, மேல்கைக்கு இறங்குகிறது. அவள் பல்லைக் கடிக்கிறாள்.

அவர் வாயைத் திறந்தால் அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகும். திறக்காமலே இருந்தால் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல்போவார். இதைத் தாண்டி ஒரு வாக்கியம் எழுத என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லையும் கொடுத்து அந்தக் கையைக் கீழே இறக்க முடியவில்லை.

உங்களால் முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள். கரண்டி நடுங்க ஆரம்பித்துவிட்டது.